நிறையும் நிறைவும்

நிறை என்னுஞ் சொல்லுக்குத் தராசிற் காணும் பாரம் என்பதும் குறைவின்மை என்பதும் பொருளாகும். இவ்விரு பொருளும் ஓர் எண்ணிலே ஒன்றுகூடியிருந்த விந்தையை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஓர் எண்ணை மீதியின்றிப் பிரிக்கும் எண்கள் அதன் காரணிகள். அவ்வெண்ணை மட்டும் நீக்கி, ஏனைய காரணிகளைக் கூட்டும்போது அவ்வெண்ணே மீண்டும் வருமாயின் அது நிறைவெண் எனப்படும். ஆறின் காரணிகள் 1, 2, 3, கூட்டுத்தொகை 6. எட்டுக்கு 1, 2, 4 கூடி 7 ஆகிக் குறைகின்றது. பன்னிரண்டுக்கு 16 ஆகி மிகுகின்றது. ஆறுக்கு அடுத்த நிறைவெண் 28.

மெற்றிக் முறை வருமுன் எமது நல்லூர்க் கடைகளில் ஓர் அந்தர் என்பது 112 இறாத்தல். கால் அந்தர் 28 இறாத்தல். வணிகர் கையாண்ட படிக்கற்களோ 1, 2, 4, 7, 14 இறாத்தல். இவை 28 இன் காரணிகளே அல்லவா! ஐந்தையும் ஒருங்கே தட்டிலிட்டால் சரியாகக் கால் அந்தர். அன்றியும், ஒன்று முதல் 28 வரை எந்த முழு இறாத்தலையும் இவற்றால் நிறுக்கலாம். 13 வேண்டின் 7, 4, 2; 25 வேண்டின் 14, 7, 4.

தன்னிற் சிறிய எண் ஒவ்வொன்றையும் தன் வெவ்வேறு காரணிகளின் கூட்டாகத் தரவல்ல எண்களை, 1948 இல் ஏ. கே. சீனிவாசன் என்பார் 'கரண்ட் சயன்ஸ்' ஏட்டில் நடைமுறை எண்கள் எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். இரட்டை நிறைவெண்கள் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

கிலோகிராம் வந்தபின் இதனாற் பயன் யாது எனப் பெற்றோர் வினவலாம். படிக்கல் வழக்கொழிந்தது, எண்ணின் நிறைவு ஒழியவில்லை. ஒன்றிலிருந்து இரட்டித்துக் கூட்டிவருக. கூட்டுத்தொகை முதன்மையெண்ணாயின் அதனை இறுதி எண்ணாற் பெருக்குக என்பது, ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் இயூக்கிளிட்டு வகுத்த விதி. 1+2+4=7; 7×4=28. 2024 ஆம் ஆண்டளவில் அறியப்பட்டவை 52. அனைத்தும் இரட்டை எண்களே. ஒற்றை நிறைவெண் ஒன்று உண்டெனவோ இல்லையெனவோ நிறுவியவர் இன்றுவரை எவருமிலர். அவ்வினாவைத் தொடுதற்குக் கூட்டலும் வகுத்தலும் அறிந்த சிறுவனுக்கும் உரிமையுண்டு.

ஆகவே, பரீட்சைக்கு வருமா என்று கேளாது, இன்று மாலை உங்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து 496 இன் காரணிகளைக் கூட்டிப் பாருங்கள்.