அலமாரியில் இருந்த கல்மலர்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வெண்ணிறக் கல்மலர் ஒன்று இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது, அலுவல் நிமித்தம் இராமேசுவரம் சென்ற தந்தையார் வாங்கி வந்தது. கடலில் விளைந்த கல் என்பதற்கு மேல் அதைப்பற்றி நாங்கள் எவரும் அறிந்தோமில்லை. அது விளைந்த இடத்தைக் காணும் வாய்ப்பு, சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில்தான் கிட்டியது.

திருச்செங்கோட்டிலிருந்து இரவில் புறப்பட்ட வேன், நாமக்கல், கரூர், மதுரையைக் கடந்து, விடியும் வேளையில் பாம்பனை அடைந்தது. பாலத்தைப்பற்றி எழுதுவோர் பலர் உளர். நான் விட்டு விடுகிறேன். பாம்பனுக்கு அருகே குந்துகால் என்றொரு துறை உண்டு. மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 சனவரியில் கரையிறங்கிய இடம் அது. அங்கிருந்து வனத்துறையின் படகு குருசடைத் தீவுக்குச் செல்கிறது. சிலுவை நாட்டிய சிற்றாலயத்தைத் தென்கோடியில் குருசடி என்பார்களே, அந்தச் சொல் என் காதில் ஒலித்தது.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. பூங்கா என்றதும் செடியும் பாத்தியும் எதிர்பார்த்த என் மகன் சற்று ஏமாந்தான். உடன் வந்த மைத்துனர் ரிக் லாரி வைத்திருப்பவர். ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத மண்ணோடு போராடுபவர். படகில் ஏறியதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "இங்கே எத்தனை அடி ஆழமுங்க?" என்பதுதான். தீவை நெருங்கியதும் படகோட்டி சிரித்துக்கொண்டே, "நீங்க நின்னா தலை வெளியே தெரியும்" என்றார். மைத்துனருக்கு நம்பிக்கை வரவில்லை. எட்டிப் பார்த்தபோது அடிநிலம் தெரிந்தது. பழுப்பும் இளம்பச்சையுமாகப் பாறைகள். அவற்றின் இடுக்கில் வரி வரியாக மீன்கள். எங்கள் அலமாரியில் வெளுத்துக் கிடப்பது உயிரோடிருந்தால் இந்த நிறத்தில் இருக்குமென்று அன்றுதான் அறிந்தேன்.

பவளப்பாறை, பெயரில்தான் பாறை. கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக்கொண்டு தமக்கெனக் கூடு கட்டி, அக்கூட்டின்மேல் கூடாகத் தலைமுறை தலைமுறையாய் எழுப்பிய மாளிகை அது. அலை தீவின்மேல் மோதுமுன் அதன் வேகத்தை வாங்கிக்கொள்வதும் அதுவே. சங்ககிரிப் பக்கம் மண்ணிலிருந்து சுண்ணாம்புக்கல் வெட்டுவதைக் கண்ட நமக்கு, அதே சுண்ணாம்புக்காகக் கடலையும் வெட்டினார்கள் என்பது வியப்பாய் இராது. பல பத்தாண்டுகள் படகு படகாகப் பவளத்தைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். வேலி போனபின் பயிர் நிற்குமோ? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகளும் நீருக்குள் போயின. தாளில் 21, நீருக்குமேல் 19. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் கரைந்துகொண்டிருந்ததால், 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுத்து வருகிறார்கள்.

2001ஆம் ஆண்டிலிருந்து பவளம், புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பைப் பெற்றுள்ளது. ஒரு துண்டுகூட எடுக்கலாகாது. தீவில் மகன் குனிந்து எடுத்த கிளிஞ்சலையும் வனக்காவலர் அன்போடு கேட்டு வாங்கிக் கீழே போட்டார். எங்கள் வீட்டுக் கல்மலரைப்பற்றி அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கரை திரும்பியபின் சின்னப்பாலம் வழியாக நடந்தோம். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்கள் சிலர் ஈரச்சேலையோடு கடற்பாசியை மணலில் பரப்பிக்கொண்டிருந்தனர். விரல்களில் துணி சுற்றியிருந்தும் நகக்கண்கள் புண்பட்டிருந்தன. மூச்சடக்கி மூழ்கி, பாறையைப் பற்றிய பாசியைக் கையால் பறிப்பதே அவர்கள் தொழில். என் மனைவி மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"அந்தத் தீவுப் பக்கம் போவீங்களாக்கா?"

"எங்க அம்மா காலத்திலிருந்து போன தீவும்மா. இப்போ எங்களுக்குத் தடை. நீங்க போயிட்டு வந்தீங்களே, எப்படி இருக்கு?"

அக்கேள்வியில் ஏளனம் சிறிதும் இல்லை, உண்மையாகவே கேட்டார். மனைவியால் விடை சொல்ல முடியவில்லை. சுற்றுலா வந்த நாங்கள் கட்டணம் செலுத்திக் கால் பதித்த மணலில், பிழைப்புக்காக அவர் கால் வைத்தால் குற்றம். தடையே கூடாதென்று நான் வாதிடவில்லை. அது சில ஆண்டுகள் முன்னரே வந்திருந்தால் அவ்விரு தீவுகளும் இருந்திருக்கக் கூடும். ஆயினும் படகு படகாய்ப் பெயர்த்தவர்கள் இப்பெண்கள் அல்லர்.

இதில் இன்னொன்றும் உண்டு. பாசி சுரண்டப் பயன்படுத்திய இரும்புக் கருவியை இவர்கள் தாமாகவே கைவிட்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பறிப்பது, பாசி வளரும் பருவத்தில் தொழிலையே நிறுத்திவைப்பது என்று தமக்குள் கட்டுப்பாடு வகுத்தார்கள். பன்னிரண்டு நாள் கூலியில் முப்பது நாள் அடுப்பெரிய வேண்டும்! இவர்களின் தலைவியாய் நின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி, 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீக்காலஜி பரிசைப் பெற்றார்.

மழை மேகம் திரண்டதால், அப்பெண்கள் பாசியை அவசரமாக அள்ளத் தொடங்கினர். மைத்துனர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். மகனும் ஓடினான்.

தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அக்கடல் கொந்தளிக்கும். ஆதலால் போக விரும்புவோர் பனிக்காலத்தில் செல்லுங்கள். படகு காலையில்தான் வசதி. பிற்பகலில் சின்னப்பாலத்துக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.