வியாழன் எத்தனை பலம்?

"பெரிய கிரகந்தானே அதிகக் கனமாயிருக்கும், ஸார்? இதற்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டுமா?" என்று சென்ற வாரம் ஒரு மாணவன் நம்மைக் கேட்டான். கேள்வி எளிது, ஆனால் பெரிய வான சாஸ்திரிகளே இவ்விஷயத்தில் வெகுகாலம் ஏமாந்ததுண்டு.

முதலில் நிறுத்துப் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்தில் 40 பலம் ஒரு வீசை; 8 வீசை ஒரு மணங்கு. பூமியின் எடையை ஒரு பலம் என்று வைத்துக் கொண்டால், வியாழன் 318 பலம். அதாவது ஒரு மணங்குக்கு இரண்டே பலம் குறைவு! சனி 95 பலம், நெப்டியூன் 17, யுரேனஸ் பதினாலரை. சுக்கிரன் முக்கால் பலத்துக்குச் சற்று மேல். செவ்வாய் பலத்தில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. புதன் பதினெட்டில் ஒரு பங்கு. மற்ற ஏழு கிரகங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும், வியாழன் அவற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். அத்தகைய வியாழனும் சூரியனுக்கு முன் எம்மாத்திரம்? சூரியனின் எடை சுமார் 1,040 மணங்கு!

உருவத்தைக் கொண்டு எடையை மதிக்கலாகாது என்பதற்குச் சனியே சாட்சி. அதற்குள் எழுநூறு பூமிகளுக்கு மேல் அடங்கும். எடையோ 95 பூமிகளுக்குத்தான் சமம். தண்ணீரைக் காட்டிலும் அடர்த்தி குறைந்த கிரகம் அது. யுரேனஸ் நெப்டியூனைவிடச் சற்றுப் பருமன். ஆயினும் எடையில் குறைவு.

அப்படியானால் எடையை அறிவது எவ்வாறு? கிரகத்தைச் சுற்றிவரும் உபக்கிரகமே அதற்குத் தராசு. நம் சந்திரன் சுமார் 3,84,000 கிலோ மீட்டர் தூரத்திலிருந்து பூமியை ஒரு முறை சுற்ற 27 நாட்களுக்குமேல் ஆகிறது. வியாழனின் உபக்கிரகமாகிய அயோ அதைவிடச் சற்று அதிகமான தூரத்திலிருந்தும், நாற்பத்து மூன்று மணிக்குள் ஒரு சுற்றை முடித்து விடுகிறது. அத்தனை வேகமாய்ச் சுழற்றும் ஆகர்ஷணம் எவ்வளவு எடையிலிருந்து பிறக்க வேண்டும் என்பதை நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு கணக்கிடலாம். 318 என்ற விடை கிடைக்கும்.

இந்தத் தராசு கிட்டாததால் வந்த வினையைக் கேளுங்கள். 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தபோது, அதன் எடை ஏறக்குறைய பூமிக்குச் சமமாக இருக்கலாம் என்று மதித்தனர். 1978-இல் ஜேம்ஸ் கிறிஸ்டி என்ற அமெரிக்கர் அதற்கோர் உபக்கிரகம் இருப்பதைக் கண்டார். நிறுத்துப் பார்த்ததில், புளூட்டோ பூமியில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. நம் சந்திரனைவிடவும் மிக இலேசானது! 2006-இல் சர்வதேச வானியல் சங்கம் அதைக் கிரக வரிசையிலிருந்தே நீக்கிவிட்டது.

நாம் பள்ளியில் "கிரகங்கள் ஒன்பது" என்று நெட்டுருச் செய்தவர்கள்; ஆசிரியரான புதிதில் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிக் கொடுத்தவர்கள். பிறகு அதே கரும்பலகையில் ஒன்பதை அழித்து எட்டு என்று எழுத நேர்ந்தது. அதில் நமக்கு வெட்கமில்லை. உத்தேசத்தை உண்மையென்று பிடிவாதமாகச் சாதித்திருந்தால்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆகையால் அந்த மாணவனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "கண்ணுக்குப் பெரியது கனமாகவும் இருக்கலாம், தம்பி. ஆனால் நிறுத்துப் பார்த்த பிறகு சொல்."