சிட்டிகை உப்பும் சிறுபிள்ளையின் உயிரும்



நம் பங்குகளின் பழைய அடக்கப் பதிவேடுகளைப் புரட்டுவோர் நெஞ்சு கனத்தே அவற்றை மூடுவர். பக்கத்துக்குப் பக்கம் சின்னஞ்சிறு வயதுகள்: 8 மாதம், 1 வயது, 2 வயது. காரணம் குறிக்கப்பட்ட இடங்கள் சிலவற்றில் 'பேதி' என்ற ஒற்றைச் சொல். அச்சொல்லின் பின்னே எத்தனை தாய்மாரின் கண்ணீர் உறைந்து கிடக்கின்றது!

பேதி கண்ட பிள்ளை பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதாலேயே இறக்கின்றது. நெடுங்காலம் நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றுவதே இதற்குச் சிகிச்சையாயிருந்தது. மருத்துவமனை எட்டாத ஏழைக்கு அது எட்டாக்கனி. உப்போடு குளுக்கோஸும் தக்க அளவில் சேருமாயின், நோயுற்ற குடலும் அதனை ஏற்கும் என்பதை அறிஞர் கண்டனர். சர்க்கரை உப்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்கின்றது. உப்பின் பின்னே நீரும் செல்கின்றது. டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தின் இளம் மருத்துவர்களான டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் ஆகியோர், இக்கரைசலைக் குடிக்கச் செய்தால் நரம்புவழி நீரின் தேவை பெரிதும் குறைவதை 1968இல் மெய்ப்பித்தனர்.

1971இல் வங்கப் போரினால் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்துக்கு வந்தனர். போன்காவ் முகாமில் காலரா பரவிற்று. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைப் பொட்டலமாகக் கட்டச் செய்தார். நீரில் கரைத்து நோயாளிக்குப் புகட்டும் பணியைத் தாயிடமும் உற்றாரிடமும் ஒப்படைத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மடிந்துகொண்டிருந்த நிலை மாறி, 4 பேருக்கும் குறைவாயிற்று. அன்று மருத்துவரின் கையிலிருந்த உயிர்காக்கும் பணி அன்னையின் கைக்கு வந்தது.

எனினும், நாம் இன்று சிந்திக்க விரும்புவது இதற்குப் பின் நிகழ்ந்ததையே. 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தின் 'பிராக்' தொண்டு நிறுவனம் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்களுக்குப் பெண் ஊழியரை அனுப்பிற்று. மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர்: இதுவே பாடம். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று தாய்மாரைச் சோதிப்பார். அவர்கள் நினைவில் வைத்திருந்த அளவுக்கேற்பவே ஊழியருக்கு ஊதியம். தாய்மார் பாடத்தை மறக்கவில்லை. ஆயினும் பிள்ளைக்குப் பேதி கண்டபோது அதைக் கலக்கிக் கொடுத்தவர் மிகச் சிலரே!

காரணம் யாது? கற்பித்தவர்களே அதனை முழுதும் நம்பவில்லை. தமக்குப் பேதி கண்டால் ஊழியர் பலரும் மாத்திரையையே நாடினர். நிறுவனம் இதை உணர்ந்தது. கரைசலால் நோயாளிகள் பிழைத்தெழுவதை ஊழியர் கண்ணாரக் காணச் செய்தது. அதன்பின் அவர்கள் தாய்மாரின் முன்னிலையில் தாமே அதைப் பருகிக் காட்டினர். வீட்டு ஆண்களையும் கூட்டிப் பேசினர். பழக்கம் மெல்ல வேரூன்றிற்று.

இதனை அறிந்தபோது நாம் நம்மையே நோக்கிக்கொண்டோம். கால் நூற்றாண்டுக்கு மேலாக மறையுரை ஆற்றி வருகின்றோம். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளைப் பிழையின்றி ஒப்புவிக்கும் சிறுவருக்குப் பரிசும் வழங்குகின்றோம். அவர்கள் நினைவில் வைத்திருப்பதைச் சோதிக்கின்றோமே, நாம் அதைப் பருகிக் காட்டினோமா? மன்னிப்பைப் போதிக்கும் குருவும், செபத்தை வற்புறுத்தும் பெற்றோரும் தம் வாழ்வில் அவற்றைச் சுவைத்திராவிடில், பிள்ளை பாடத்தை நினைவில் கொள்ளும். இடர் வருங்காலத்தில் வேறிடம் நாடும்.

உலகில் 5 வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990இல் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேல். 2022இல் 50 இலட்சத்துக்கும் குறைவு. இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆயினும் பேதியால் இன்னும் ஆண்டுதோறும் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் மடிகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் கூறிற்று. நம் நாட்டில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேருக்கே இக்கரைசல் கிடைத்தது. 'பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே' என்று தடுக்கும் பெரியோர் இன்றும் உளர். அது அன்பினால் விளையும் பிழை. எனினும் உயிருக்கு உலை வைக்கும் பிழை.

ஆகவே ஒவ்வோர் இல்லத்திலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும், அதன்மேல் குறித்த அளவு நீரில் கரையுங்கள். அது கிட்டாதபோது, காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். உப்பு மிகுதல் ஆகாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர். துத்தநாக மாத்திரை குறித்துச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிள்ளை சோர்ந்து கண் குழிந்தாலோ, குடிக்க இயலாது போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவரிடம் விரையுங்கள்.

சிறியோருக்கு அளிக்கும் ஒரு கிண்ணத் தண்ணீரையும் நம் ஆண்டவர் மறப்பதில்லை. அக்கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பும், சிறிது சர்க்கரையும், நாம் மெய்யாகவே நம்பும் நம்பிக்கையும் கலந்திருக்கட்டும்.