அமானுட மர்ம நாவலும் சான்றொழுங்கும்

மரக்காணம் உப்பளங்களிலிருந்து ஆரோவில் செம்மண் மேடு வரையிலான கடற்கரையைக் களமாகக் கொண்டு ஓர் அமானுட மர்ம நாவலைத் தொடங்க விழையும் எழுத்தாளர் முதலில் எவற்றைப் படிக்க வேண்டும்? பேய்க்கதைகளை என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. அவ்விடை போதுமானதன்று. அத்தகைய நாவலுக்கு முதன்மைப் பயிற்சி குற்றப் புனைவே. அச்சமூட்டும் உத்திகளை அதிலிருந்து பெறுவதைவிட, சான்றுகளை நிரல்படுத்தி வாசகர் முன் வைக்கும் ஒழுங்கைப் பெறுவதே இன்றியமையாதது.

இக்கருத்திற்கு முதல் தடை குற்றப் புனைவின் மேலை இலக்கணத்திலிருந்தே எழுகிறது. 1929இல் ரொனால்டு நாக்ஸ் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, இயற்கை இகந்த ஆற்றல்களைத் துப்பறியும் கதையிலிருந்து விலக்குகிறது. கானன் டாயில் எழுதிய பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில் குலச்சாபமாக அஞ்சப்பட்ட விலங்கு, இறுதியில் மனிதன் ஏவிய நாயாகவே வெளிப்படுகிறது. இம்மரபில் அமானுடம் என்பது கலைக்கப்பட வேண்டிய பொய்த்தோற்றம்.

தமிழ்த் துப்பறியும் புனைவின் தொடக்கமும் மேலை வாசிப்போடு பிணைந்தது. தானவன் என்னும் போலீஸ் நிபுணனை நாயகனாக்கி 1894இல் நடேச சாஸ்திரி எழுதினார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவிப் பெருவாசகரை ஈட்டினர். ஆகவே, குற்றப் புனைவைப் படித்து நாவலைத் தொடங்குவது மீண்டும் ஓர் இரவல் முயற்சியாகிவிடாதா என்னும் ஐயம் இயல்பானதே.

அவ்வையத்திற்குத் தமிழ்க் கதைமரபே விடை தருகிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை ஒரு களவு வழக்கின் மறுவிசாரணை. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் என்னும் பொருட்சான்று அவையில் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே மதுரை எரிகிறது. மதுராபதித் தெய்வமும் அதன் பின்னரே தோன்றி, முற்பிறப்பில் சங்கமன் என்னும் வணிகன் ஒற்றன் எனப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டதை வெளிப்படுத்துகிறது. தெய்வம் சான்றின் இடத்தைப் பறிக்கவில்லை; அச்சான்று எட்டாத காரணத்தை உரைக்கிறது.

பழையனூர் நீலி கதை இதன் மறுதலை. கொல்லப்பட்ட மனைவி பேயாகி, மறுபிறப்பெடுத்த கணவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி வேளாளர் அவையில் சான்றாக நிறுத்துகிறாள். அவை கண்ணாற் கண்டதை நம்புகிறது, வணிகன் மடிகிறான், பிணையாக நின்ற எழுபது வேளாளரும் சொல் தவறாது தீப்புகுகின்றனர். பொய்ச்சான்றை ஏற்ற அவையின் பொறுப்பே இக்கதையின் கரு. நாட்டார் கதைப்பாடல்களிலும் கொலையுண்டோர் தெய்வமாகி வழிபாடு பெறும் வரலாறுகள் பல. இம்மரபில் ஆவி என்பது தீர்ப்புப் பெறாத முறையீடு. நாக்ஸின் விதி பிரித்து வைத்த இரண்டும் இங்கு ஒன்றாகவே இருந்து வந்துள்ளன.

இருபதாம் நூற்றாண்டுப் புனைவிலும் இத்தொடர்பு அறுபடவில்லை. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயுருவத்திற்கு ஹோலோகிராம் என்னும் அறிவியல் விளக்கத்தை முன்வைத்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ கருப்பசாமியின் தண்டனையாகத் தோன்றியவற்றிற்கு உளவியல் விளக்கத்தை நாடியது. இரண்டிலும் அமானுட நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் இடையிலான வழக்கே வாசகரை இறுதிவரை ஈர்த்து நிறுத்துகிறது.

சான்றொழுங்கு மர்மத்தை வற்றச் செய்துவிடும் என மறுப்பாரும் உளர். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ விளக்கமின்றி முடிந்தும் நிலைபெற்றது அவர்கள் சுட்டக்கூடிய சான்று. ஆயின், அக்கதையின் ஆற்றல் விளக்கம் இன்மையால் மட்டும் வந்ததன்று. வீட்டிற்கு வந்து சேர்ந்த பணிப்பெண்ணைக் குறித்து எழுத்தாளரான கதைசொல்லி காணும் ஒவ்வொன்றும் இருவகைப் பொருளுக்கும் இடந்தருமாறு அளந்து வைக்கப்பட்டுள்ளது. 1970இல் டொடோரோவ் விளக்கிய ஐயநிலை இதுவே. தீர்ப்பை நிறுத்திவைப்பதற்கும் சான்று வேண்டும்.

இந்நோக்கில் மரக்காணக் கடற்கரை வெறும் பின்னணியாக எஞ்சாது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என அறிஞர் அடையாளம் காணும் நெய்தல் நிலம் இது. உப்பளத்தில் பருவத் தொடக்கத்தில் தொழிலாளர் பாத்திகளை மிதித்து இறுக்குகின்றனர். கோடையில் உவர்நீர் வற்றி உப்பு விளைகிறது; வடகிழக்குப் பருவமழையில் அனைத்தும் கரைகிறது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது மக்கள் வழக்கு. காலடி பதியும் ஈரப்பாத்தியில், வந்தது ஆளா ஆவியா என்பதை நிலமே வினவுகிறது. அதற்குரிய விடையை மழை அழித்துவிடுகிறது. இக்களத்தின் தொழிலையும் பருவத்தையும் அறிந்தவர்க்கே இத்தகைய தடயம் வாய்க்கும்.

1968இல் நிறுவப்பட்ட ஆரோவில்லைப் புதிர் நிறைந்த அயலுலகமாகவும், உப்பளத் தொழிலாளரை மூடநம்பிக்கையின் உருவங்களாகவும் தீட்டும் எளிய வழி உண்டு. அவ்வழி செல்லும் நாவலில் தெய்வம் அலங்காரமாகும். இறந்தவரின் முறையீடு எவர் செவியையும் எட்டாது. குற்றப் புனைவின் ஒழுங்கு இதனைத் தடுக்கவல்லது. எவர் கண்டார், எப்போது கண்டார், அவர் சொல்லை எவர் நம்ப மறுத்தார் என்னும் வினாக்கள் எழுப்பப்படும்போது, உப்பளத் தொழிலாளி கதைக்களத்தின் சாட்சியாக உயர்கிறார்.

தமிழ்த்துறைகள் துப்பறியும் நாவலை வெகுசன இலக்கியம் என்றும், நீலி கதையை நாட்டார் வழக்காறு என்றும், வழக்குரை காதையைக் காப்பியம் என்றும் வெவ்வேறு தாள்களில் பயிற்றுகின்றன. இம்மூன்றையும் ஒரே வகுப்பில் சான்றின் வரலாறாகப் பயிற்றுவது ஆய்வுக்கும் படைப்புக்கும் ஒருங்கே பயன்தரும். நாவலைத் தொடங்கவிருக்கும் எழுத்தாளரும் டாயிலைப் படிப்பதோடு அமையாது, பாண்டியன் அவையில் உடைந்த சிலம்பையும் பழையனூர் அவையில் நிறுத்தப்பட்ட குழந்தையையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.