ஆச்சியிடம் எதைக் கேட்பது?

பள்ளிக்கூடம் அதிகம் போகாத கிளிநொச்சி ஆச்சியிடம், மறதிநோயை அறியவென்று, கடிகாரம் வரையச் சொல்லும் கைபேசிச் செயலி எதைக் கண்டுபிடிக்கும்? பேனை பிடித்துப் பழகாத கை அது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில் இந்த மாதம் என்ன வேலை என்று கேளுங்கள், தடுமாற்றம் இருந்தால் தெரியும். 10/66 மறதிநோய் ஆய்வுக் குழு 2011இல் வெளியிட்ட சுருக்கக் கேள்விக்கொத்து முதியவரிடம் 7 கேள்வியும் வீட்டாரிடம் 6 கேள்வியும் கேட்கிறது. அந்த 6 கேள்விகள்தான் எங்களுக்கு முக்கியம்: "வயசுபோனா அப்பிடித்தான்" என்று மகள் விட்டுவிட்டது அப்போதுதான் வெளியே வரும். அந்தக் கேள்விக்கொத்தை வன்னிப் பேச்சில், குரலோடு, கைபேசியில் ஏற்ற வேண்டும். ஆனாலும் 2009 போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவரின் மனச்சோர்வும் மறதிபோலவே தோன்றும். அதைப் பிரித்தறிய வைத்தியர் வேண்டும். முல்லைத்தீவின் உள்கிராமத்திலிருந்து அவரிடம் போய்வர பஸ் காசையும் துணைக்கு ஓர் ஆளையும் திட்டத்திலேயே எழுதுங்கள்.