கோடை முகாமும் பேரக்குழந்தையும்

சித்திரை பிறந்ததும் தேவார வகுப்பு, சுலோக வகுப்பு, ஓவிய முகாம் எனப் பல அழைப்புகள் வரும். பேரக்குழந்தையைச் சேர்க்குமுன் தாத்தாவோ பாட்டியோ நேரில் சென்று பார்த்து வருதல் நலம். எத்தனை கலைகள் கற்பிக்கின்றனர் என்பதினும், ஒருவர் எத்தனை குழந்தைகளைக் கவனிக்கிறார் என்பதே முதற்கேள்வி. ஏறத்தாழ சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்கினி நட்சத்திரம். ஆதலின் நிழல், குடிநீர், தூய கழிவறை உண்டா, நண்பகல் 12 மணிக்குள் வகுப்பு முடிகிறதா எனப் பாருங்கள். அழைத்துச் செல்ல வருபவர் இன்னார் என அறிந்த பின்பே பிள்ளையை அனுப்புவார்களா என்றும் வினவுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பத்துப் பாடல்களை மனனம் செய்ய வேண்டுவதில்லை. ஒன்றை மகிழ்ந்து பாடினால் போதும். மறுநாள் போக மறுத்தால் கடிந்துகொள்ளாது, அருகமர்த்திக் காரணம் கேளுங்கள். பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதையும் பிள்ளை பாட்டியிடம் சொல்லும்.