அம்மாவுக்கு ஓர் அட்டை, நோயாளிக்கு ஏன் இல்லை?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலிருந்தோ, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலிருந்தோ எங்கள் ஊரான மாவடிப்பள்ளிக்குத் திரும்பும் ஒரு தாய்க்கு, பத்து நாள் சென்றபின் ஓர் இரவில் குளிர்காய்ச்சல் காணுமாயின், வீட்டார் முதலில் ஓடுவது பக்கத்தில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் குடும்ப வைத்தியரிடமே. மருந்தின் உக்கிரத்தால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அவ்வேளையில் வரும் காய்ச்சல், பனடோல் குளிசையோடு விடியும்வரை பொறுத்திருக்கத் தக்கதன்று. தாமதமின்றி ஆதார வைத்தியசாலையில் சேர்த்து அன்டிபயோட்டிக் ஊசி தொடங்கவேண்டிய பிராணாபத்து அது. ஆனால் ஏற்றிய மருந்து யாது, எந்தத் திகதியில், சந்தேகம் வந்தால் யாரைத் தொலைபேசியில் கேட்பது என்பனவெல்லாம் அந்த வைத்தியருக்கு எவ்வாறு தெரியும்? பொலித்தீன் பையொன்றில் ஸ்கேன் படங்களும் இரத்தப் பரிசோதனைத் துண்டுகளும் மடிப்பில் கிழிந்த டயக்னோசிஸ் கார்ட்டும் கலந்து கிடக்க, அவற்றை அடுக்கி எடுத்து விளக்கும் பொறுப்பு, பள்ளிக்கூடம் போகும் மகளின் தலையில் விழுகிறது.

சிகிச்சை விபரத்தை எழுதி உரியவர் கையிலேயே கொடுத்துவைப்பது இத்தேசத்துக்குச் செய்யத் தெரியாத காரியமன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான நாள் தொட்டு, மருத்துவமாது கர்ப்பிணியின் வீட்டுக்கே சென்று விசாரித்து, கண்டவற்றை அட்டையில் பதிந்து, அவ்வட்டையைத் தாயின் கையிலேயே கொடுத்துவைக்க, பிரசவ வார்டில் உள்ளோர் அதைப் படித்து நடந்து, பிள்ளையோடு வீடு திரும்பியபின் மருத்துவமாதே மறுபடியும் வாசலுக்கு வரும் உன்னதமான ஒழுங்கைப் படிப்படியாக நாம் வளர்த்தெடுத்தோம். முப்பத்தைந்து வயதுப் பெண்களை, புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக்குக்கு அழைப்பவரும் அவரே. மார்பிலே கட்டியென்று ஆண் வைத்தியரிடம் வாய்திறக்கக் கூசும் நம் பெண்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். அப்படியிருந்தும், நோய் புற்றுநோயென்று நிர்ணயமான மறுகணமே அந்தத் தொடர்பு அறுந்துவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அத்தொடர்பு அறாமலிருக்க வழி உண்டு. அயலிலுள்ள கேரளம் 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கென்று அரசாங்கக் கொள்கை வகுத்து, உள்ளூராட்சி மன்றங்களின் ஆதரவில் தாதியரை நோயாளியின் படுக்கையருகே அனுப்பியது. மாரிவெள்ளம் காரைதீவு வீதியை மேவிப் பாயும் நாட்களில் ஊரே தனித்துப்போகும் எமக்கு, வீடு தேடி வரும் அத்தகைய தாதி இன்னும் அவசியமானவர்.

ஆகையால் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையை வேண்டிக் கேட்பது இதுதான்: மருந்தின் பெயரும் திகதியும், காய்ச்சல் கண்டால் செய்யவேண்டியதும், கேட்டறியத்தக்க தொலைபேசி இலக்கமும் தமிழில் எழுதிய ஒரு சிறு கொப்பியை ஒவ்வொரு புற்றுநோயாளிக்கும் கொடுங்கள், ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் ஒரு தாதியை அதற்குப் பொறுப்பாக நியமியுங்கள். தனியார் வைத்தியர்களும் தாம் கண்டதை அதே கொப்பியில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட முன்வரவேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. வருகிற மாரிக்கு முன்னரே தொடங்கலாம்.